மூணாறில் இரண்டு தேயிலைப் பொட்டலங்களும் ஒரு சால்வையும்: ஒரு கணக்குப்பிள்ளையின் மதிப்பீடு

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் நான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூணாறு சுற்றுலாத் தலம் இல்லை. போடிமெட்டு ஏறி, பூப்பாறையைக் கடந்து, தேவிகுளம் வழியாகப் போனால் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடக்கூடிய பக்கத்து ஊர். ஒரு காலத்தில் அந்த மலைத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி எங்கள் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன. இன்றும் அந்தத் தோட்டங்களில் கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் தேனி, திண்டுக்கல், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன குடும்பங்களின் வாரிசுகள். என் மதினியும் அப்படி ஒரு தோட்டத்தில் கூடை சுமந்து ஓய்வுபெற்றவர்தான். ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறையாவது மலையேறித் தேயிலை வாங்கி வருவது எங்கள் வீட்டு வழக்கம்.

இந்த முறை ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு போனேன். இப்போது எந்தப் பொட்டலத்தைத் திருப்பினாலும், சமூகப் பொறுப்போடும் இயற்கைக்கு இணக்கமாகவும் உருவானது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காக நான் கொடுக்கும் கூடுதல் காசு எங்கே போய்ச் சேருகிறது? சுவையையும் தரத்தையும் பற்றி எழுதுவதோடு, இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்ததன் விளைவே இந்த மதிப்பீடு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மூணாறுக்குப் போய்வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதில் தடுக்கி விழுகிறார்கள். மலைத்தொடரின் பெயர் கண்ணன் தேவன் மலை. அதே பெயரில் கடைகளில் கிடைக்கும் ‘கண்ணன் தேவன்’ தேயிலை டாட்டா குழுமத்தின் வணிகப் பெயர். ஆனால் அந்த மலையில் இன்று தேயிலை பயிரிடுவது டாட்டா இல்லை. 2005 ஏப்ரல் முதல் அந்தத் தோட்டங்களை நடத்துவது கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி, சுருக்கமாகக் கேடிஎச்பி. அதன் பங்குகளில் பெரும்பகுதி அதன் தொழிலாளர்களிடமும் ஊழியர்களிடமும் இருக்கிறது. டாட்டாவிடம் சிறுபான்மைப் பங்கு மட்டுமே உண்டு. அந்தக் கம்பெனி தன் சொந்தப் பெயரில் விற்கும் தேயிலை ‘ரிப்பிள்’. ஆக, மலையின் பெயர் ஒருவரிடமும் மலையின் கொழுந்து இன்னொருவரிடமும் இருக்கின்றன. இந்தப் பிரிவினையை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் பின்னால் நான் சொல்லவரும் கணக்கு விளங்கும்.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரசரிடமிருந்து இந்த மலையைக் குத்தகைக்கு வாங்கினார், 1880இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் முதல் தேயிலையை நட்டார். பிறகு ஃபின்லே கம்பெனி, 1964இல் டாட்டா–ஃபின்லே, 1983இல் டாட்டா டீ என்று கை மாறியது. 1990களின் இறுதியில் ஏற்பட்ட விலைவீழ்ச்சியில் தேயிலை பயிரிடுவது நட்டமும் தேயிலைக்குப் பெயர்சூட்டி விற்பது லாபமுமாக ஆயிற்று. 2000இல் இங்கிலாந்தின் டெட்லி நிறுவனத்தையே வாங்கிவிட்ட டாட்டா டீ, இனித் தன் வருமானம் பொட்டலத்தில்தான் என்று முடிவுசெய்தது. தோட்டங்களை இழுத்து மூடியிருக்கலாம், வெளியாருக்கு விற்றிருக்கலாம். அப்படிச் செய்யாமல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களையும் ஊழியர்களையும் பங்குதாரர்களாக்கிக் கைமாற்றிக் கொடுத்தது. இதைப் பெருந்தன்மை என்று சிலரும், பாரத்தை இறக்கிவைத்த தந்திரம் என்று சிலரும் சொல்வார்கள். கணக்கெழுதிய என் கண்ணுக்கு இரண்டும் ஒரே பதிவின் பற்றும் வரவுமாகத்தான் தெரிகின்றன.

இனிக் கடைக்கு வருவோம். மூணாறு நகரத்தில் டாட்டாவின் ஆதரவில் இயங்கும் ‘சிருஷ்டி’ என்ற நிறுவனத்தின் விற்பனையகத்தில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் உடல் அல்லது மனவளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளுக்காக ரத்னா கிருஷ்ணகுமார் தொடங்கிய முயற்சி இது. 1991இல் ‘டேர்’ என்ற பெயரில் ஒரு பள்ளியாக ஆரம்பித்து, அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு விடையாகத் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ‘ஆரண்யா’வில் இயற்கைச் சாயமிட்ட துணிகள், ‘அதுல்யா’வில் கையால் செய்த காகிதம், இன்னொரு பக்கம் ஸ்ட்ராபெரி ஜாம், ரொட்டி, கேக். லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் தாய் வேலையை விட வேண்டும், அல்லது பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு மலைக்குப் போக வேண்டும் என்ற நிலை இருந்ததை மதினி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பின்னணி தெரிந்தவர்களுக்கு இந்தக் கூடங்களின் மதிப்பு வேறாகத்தான் தெரியும்.

இருந்தாலும் இரக்கத்தின் பேரில் ஒரு பொருளை மதிப்பிடுவது அதைச் செய்தவருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்பது என் கருத்து. எனவே துணியைத் துணியாகவே பார்த்தேன். நான் வாங்கியது பருத்தியில் ஒரு சால்வை. பழுப்பும் மங்கிய ஆரஞ்சும் கலந்த நிறம். கிராண்டிஸ் என்று மலைக்காரர்கள் சொல்லும் யூக்கலிப்டஸ், தேயிலைக் கழிவு, உண்ணிச்செடி, மலையாளிகள் ‘கம்யூனிஸ்ட் பச்சை’ என்று பெயரிட்டிருக்கும் களைச்செடி ஆகியவற்றிலிருந்தெல்லாம் இங்கே சாயம் எடுக்கிறார்கள். (காடெல்லாம் பரவி எதாலும் அழிக்க முடியாத ஒரு செடிக்கு அப்படிப் பெயர் வைத்தவர் எந்தக் கட்சிக்காரரோ.) மஞ்சிட்டி, கடுக்காய், அவுரி போன்ற பழைய சாயச் சரக்குகளும் உண்டு. களைகளையும் கழிவையும் மூலப்பொருளாக்குவதில் சுற்றுச்சூழல் பயன் இருப்பது வெளிப்படை. எனக்குப் பிடித்த செய்தி வேறு. ஒரே செடியின் சாயம் மழைக்காலத்தில் ஒரு நிறமும் கோடையில் ஒரு நிறமும் தருவதால் இரண்டு சால்வைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆலைக்காரர் இதைக் குறை என்பார். ஒரே அச்சில் வார்த்தது போன்ற வேலையை எதிர்பார்க்கும் தொழிற்சாலை எதிலும் இடம் கிடைக்காத கைகளுக்கு, ஒவ்வொன்றும் வேறுபட்டிருப்பதே இயல்பாக உள்ள ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

நூலால் முடிச்சிட்டும் மடித்துத் தைத்தும் சாயத்தில் முக்கும் ஜப்பானிய முறையை இங்கே கையாள்கிறார்கள். மதுரைச் சுங்குடியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. சுங்குடியில் புள்ளியாக விழுவது இங்கே அலையாகவும் இலை நரம்பாகவும் விரிகிறது. என் சால்வையில் முடிச்சுகளின் தடம் துணியின் இரு முனைகளிலும் ஒரே அளவில் நேர்த்தியாக இருக்கிறது. ஆறு முறை நனைத்தாகிவிட்டது. முதல் இரண்டு நீரில் சற்றே பழுப்பு இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. பழுப்பு நிறம் உறுதியாக இருக்கிறது. ஆரஞ்சு வெயிலில் காய்ந்த பக்கம் ஒரு சாயல் வெளுத்திருக்கிறது. படிகாரம் கொண்டு பிடிமானம் ஏற்றிய இயற்கைச் சாயங்களில் மஞ்சளும் ஆரஞ்சும் சூரியனுக்கு இளைப்பது இயல்பு. நிழலில் உலர்த்தினால் போதும். விலை, நம் ஊர்ச் சந்தைத் துணியோடு ஒப்பிட்டால், மிக அதிகம். அதைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் வாங்கிப் போர்த்திக்கொள்ள முடியாது. நகரத்து வாங்குவோரை நம்பியே நிற்கும் ஒரு கூடம் இது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

காகிதப் பொருள்களில் யானைச் சாணத்தால் செய்தவை பார்வையாளர்களைச் சிரிக்க வைக்கின்றன. பேரனுக்கு ஒரு குறிப்பேடு வாங்கினேன். மை சற்று ஊறுகிறது. பென்சிலுக்கு நல்ல தாள். ஜாம் நன்றாக இருந்தது. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல முடியும்.

இனித் தேயிலை. ஒன்று தூள், ஒன்று இலையாக உருட்டியது, இரண்டும் ரிப்பிள். கூடவே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வழியில் ஒரு சாலையோரக் கடையில் ‘தோட்டத்து நேரடித் தூள்’ என்று அட்டை மாட்டி எடைபோட்டு விற்றதையும் கால் கிலோ வாங்கினேன். அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டுக்கு வந்ததும் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சொல்லித்தரும் எளிய சோதனையைச் செய்தேன்: வெள்ளை உறிஞ்சுதாளை நனைத்து, அதன்மேல் தூளைத் தூவி, சற்றுப் பொறுத்து உதறிப் பார்க்க வேண்டும். கம்பெனித் தூள் தாளில் தடம் விடவில்லை. கடைத் தூள் நிமிடத்தில் செம்பழுப்புக் கோடு இழுத்தது. பயன்படுத்திய தேயிலைச் சக்கைக்குச் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். அந்தக் கால் கிலோவும் செடிக்கு உரமாகக்கூடப் போகாமல் குப்பைக்குப் போயிற்று.

தூளைப் பால் சேர்த்துப் போட்டால் மணம் முதலில் வந்து, நிறம் பின்னால் வருகிறது. போடி பேருந்து நிலையத்துக் கடைகளில் ஒரு கொதியில் கறுத்து நிற்கும் கடுப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு இது மென்மையாகத் தோன்றும். ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டு, பாலைக் குறைத்தால் சரியாக வரும். உயரத்தில் விளைந்த தேயிலையின் பண்பு அது. குளிரில் கொழுந்து மெதுவாகத் துளிர்ப்பதால் மணம் செறிகிறது. நிறமும் கடுப்பும் தாழ்வான இடத்துத் தேயிலைக்கு அதிகம். இலைத் தேயிலையை வெந்நீரில் மூன்று நிமிடம் ஊறவைத்துச் சர்க்கரை இல்லாமல் குடித்துப் பார்த்தேன். தொண்டையில் கசப்பு தங்காமல் பூவின் மணம் போன்ற ஒன்று நின்றது. பால் விடாமல் குடிக்கப் பழகாத நாக்குக்கும் அது பிடித்தது என்றால் நல்ல தேயிலை என்றுதான் பொருள்.

இப்போது பொட்டலத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். 2015இல் கேரளத் தோட்டங்களில் கொழுந்து எடுப்பவரின் நாள்கூலி 232 ரூபாய். அன்றாடம் எடுத்தாக வேண்டிய குறைந்த அளவு 21 கிலோ. அதாவது ஒரு கிலோ தேயிலைக்குக் கொழுந்து எடுக்கும் கூலி மட்டும் சுமார் 50 ரூபாய். அந்த ஆண்டு செப்டம்பரில், போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தபோது, மூணாறில் ஆயிரக்கணக்கான பெண்கள் ‘பெண்பிள்ளை ஒருமை’ என்ற பெயரில் தெருவில் அமர்ந்தார்கள். கம்பெனியை மட்டுமல்ல, தங்கள் பெயரில் பேசிக்கொண்டிருந்த தொழிற்சங்கங்களையும் அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். ஒன்பது நாள்களுக்குப் பிறகு 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை என்று மொத்தம் 20 சதவீதம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அடுத்த மாதம் மாநில அளவில் எட்டிய உடன்பாட்டில் நாள்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. கூடவே குறைந்த அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறியது.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பெரும்பாலோர் படித்துவிட்டுக் கடந்துபோனார்கள். கணக்குப்பிள்ளைக்கு அது முடியாது. கூலி உயர்வு ஏறத்தாழ 30 சதவீதம். ஆனால் 25 கிலோ கொழுந்துக்கு 301 ரூபாய் என்றால் ஒரு கிலோ தேயிலைக்குக் கொழுந்தெடுக்கும் கூலி 54 ரூபாய்தான்; உயர்வு 9 சதவீதம். மிச்சம் எங்கே போயிற்று? நான்கு கிலோ கூடுதல் கொழுந்தாகக் கூடையில் ஏறி முதுகில் உட்கார்ந்தது. அளவுக்கு மேல் எடுப்பதற்குத் தனிப் பணம் உண்டு என்பதையும், கத்தரி கொண்டு எடுக்கும்போது 25 கிலோ எட்டாத அளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மழை விட்ட பருவத்துக்குப் பொருந்துவது ஜனவரிப் பனிக்குப் பொருந்தாது.

போராட்டத்தின் உள்ளே இருந்த முரண்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தெருவில் அமர்ந்த பெண்களில் பலர் அந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள். சட்டப்படி முதலாளிகள் தங்களுக்கு எதிராகவே போராடினார்கள் என்று கிண்டல் பேசியவர்கள் அப்போது இருந்தார்கள். கிண்டலில் பொருளில்லை. தேயிலை விலை சரிந்த ஆண்டில் லாபம் குறைந்தால், பங்குதாரர் என்ற முறையில் தொழிலாளிக்கு ஈவுத்தொகையும், தொழிலாளி என்ற முறையில் அவருக்கே போனஸும் ஒருசேரக் குறையும்; வெளியிலிருந்து முதலீடு செய்தவருக்கு இழப்பு ஒரு பக்கம் மட்டும், இவருக்கு இரு பக்கமும். உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் கூலியாக உள்ள ஒரு தொழிலில், நிர்வாகத்துக்குக் குறைக்க முடிந்த செலவும் அதுவாகவே இருக்கிறது. பங்குச் சீட்டு கையில் இருப்பதால் விலை நிர்ணயம் கைக்கு வந்துவிடுவதில்லை, ஏனெனில் விலை கொச்சி ஏலத்தில் முடிவாகிறது; அங்கே விற்பவர் தன் விலையைச் சொல்ல முடியாது, கேட்கப்பட்ட விலையை ஏற்கவோ மறுக்கவோ மட்டும்தான் முடியும். ஏலக்காய் ஏலத்தில் இதை வாழ்நாள் முழுதும் பார்த்தவன் நான்.

ஆகவேதான் பெயர்ப் பிரிவினைக்குத் திரும்புகிறேன். மொத்தமாக ஏலத்துக்குப் போகும் தேயிலையில் தோட்டத்துக்குக் கிடைப்பது ஏல விலை. அதைக் கலந்து, பெயரிட்டு, பொட்டலமிட்டு, விளம்பரம் செய்து விற்பவருக்குக் கிடைப்பது கடை விலை. 2005இல் கடை விலையைத் தன்னிடம் வைத்துக்கொண்ட நிறுவனம், சிருஷ்டியையும் மூணாறு மருத்துவமனையையும் தாங்கும் செலவையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதை இந்த இருபது ஆண்டுகளாகக் கைவிடவும் இல்லை. ஏல விலையோடு நின்ற நிறுவனம் ஆயிரக்கணக்கான வீடுகள், கூலி, ஓய்வூதியச் செலவு, பிள்ளைக் காப்பகம் எல்லாவற்றையும் சுமக்கிறது. மெல்லிய லாபம் உள்ள இடத்தில் கனத்த கடமையும், கனத்த லாபம் உள்ள இடத்தில் அழகான அறப்பணியும் அமைந்துவிட்டன. இதில் எவரையும் குற்றம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சிருஷ்டியின் சால்வையைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் லயத்துக் கூரையைப் படம் பிடிப்பதில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

‘நலத்திட்டம்’ என்ற சொல்லையும் இந்த இடத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு வீடு, குடிநீர், மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே முதலாளியின் கடமை ஆக்கிவிட்டது. எந்தத் தோட்டக் கம்பெனியும் இவற்றைத் தன் கொடையாக விளம்பரம் செய்தால், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்ததை நன்கொடைக் கணக்கில் எழுதுவது போலாகும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு பெரிய நிறுவனங்களை, முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. ஆனால் தன் ஊழியருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் செலவை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. லாபத்தின் மேல் விழும் சதவீதம் என்பதால், லாபம் இல்லாத ஆண்டில் அந்தப் பொறுப்பும் இளைத்துவிடுகிறது. லயத்துக் கூரை லாபம் பார்த்து ஒழுகுவதில்லை.

வீடு பற்றி இன்னொன்று. தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வுபெற்றால் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை மலையில் உழைத்த குடும்பத்துக்கும் அங்கே சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாமல் போகலாம். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தவர், எங்கள் பக்கத்து ஊர்களில் உறவு உள்ளவர்கள். வானம் கொட்டிய மழைக்கு எந்தக் கம்பெனியின் கணக்கிலும் பதிவு கிடையாது. ஆனால் தேயிலை எங்கே நடப்பட்டது, லயம் எங்கே கட்டப்பட்டது என்பவை நூறாண்டுக்கு முந்தைய கணக்குப் புத்தகத்தின் முடிவுகள். அவற்றின்மேல்தான் இன்றும் மக்கள் தூங்குகிறார்கள்.

இயற்கைப் பக்கத்துக் கணக்கும் இதே போல இரண்டு பத்தியில் வருகிறது. வரையாடுகள் இன்றும் இரவிகுளத்தில் மேய்வதற்கு ஒரு காரணம், வெள்ளைக்காரத் தோட்ட மேலாளர்கள் தங்கள் வேட்டைக்கென்று அந்தப் புல்வெளியை ஒதுக்கி, முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு வைத்துப் பாதுகாத்தது. நோக்கம் துப்பாக்கி, பலன் ஆடு பிழைத்தது. 1971ஆம் ஆண்டின் நில மீட்புச் சட்டத்தால் அது அரசுக்கு வந்து, 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. மறுபக்கத்தில், தேயிலையை உலர்த்தும் அடுப்புகளுக்கு விறகு வேண்டும் என்பதற்காகச் சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே கிராண்டிஸ் காடுகள் எழுந்தன. அவற்றின் அடியில் புல்லும் சரியாக முளைப்பதில்லை, ஓடையும் இளைக்கிறது. அந்த மரத்தையே சாயமாக்கி என் சால்வையில் ஏற்றியிருக்கிறார்கள். அடுப்புக்குப் போகும் மரத்தோடு பார்த்தால் சாயத்துக்குப் போவது ஒரு சிட்டிகைதான். இருந்தும், பொட்டலத்தின் பின்புறத்தில் நான் படிக்க விரும்பும் வரி ‘இயற்கைக்கு இணக்கமானது’ என்பதைவிட, ஒரு கிலோ தேயிலைக்கு எத்தனை கிலோ விறகு எரிந்தது என்பதே. எந்தக் கம்பெனியின் பொட்டலத்திலும் அதை நான் பார்த்ததில்லை.

அன்று இரவு தங்கிய விடுதியைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் போதும். பெயர் வேண்டாம். வாசலில் மூங்கில் பலகையில் பசுமை விடுதி என்று எழுதியிருந்தார்கள். அறையில், துண்டை மறுமுறை பயன்படுத்தி மலையின் நீரைக் காப்பாற்றுங்கள் என்று ஓர் அட்டை. விடியலில் பின்பக்கச் சரிவில் பிளாஸ்டிக் குப்பை எரியும் நாற்றத்தில் விழித்துக்கொண்டேன். துண்டு துவைக்கும் செலவு மிச்சம். குப்பை அள்ளும் செலவும் மிச்சம். விடுதிக்காரரின் சிக்கனத்தில் ஒரு ஒழுங்கு இருந்ததை மறுக்க முடியாது.

மூணாறு போகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. தேயிலை வாங்குவதானால் ரிப்பிள் வாங்கலாம். தரத்தில் குறையில்லை என்பது முதல் காரணம். ஏல விலைக்கும் கடை விலைக்கும் இடையே உள்ள தொகை, தொழிலாளர்கள் பெரும்பங்கு வைத்திருக்கும் கம்பெனிக்கே போவது இரண்டாம் காரணம். அது எந்த நன்கொடையையும்விட நேரான வழி. மணம் வேண்டுவோர் இலையையும், பால் டீ குடிப்போர் தூளையும் எடுக்கலாம். சிருஷ்டியில் சால்வையும் துணிகளும் கொடுத்த காசுக்குத் தகும்; காகிதத்தைப் பேனாவில் எழுதுகிறவர்கள் தவிர்க்கலாம். நேரம் இருந்தால் நல்லதண்ணி தோட்டத்தில் உள்ள தேயிலைக் காட்சியகத்தையும் பார்க்கலாம். 1905ஆம் ஆண்டின் உருட்டு இயந்திரத்தோடு, நம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் தொழிற்பள்ளியில் செய்த 1913ஆம் ஆண்டுச் சூரியக் கடிகாரம் ஒன்று அங்கே இருக்கிறது. எடைபோட்டு விற்கும் சாலையோரத் தூளை மட்டும் வாங்க வேண்டாம்.

ஊருக்குத் திரும்பியதும் இரண்டு பொட்டலங்களையும் மதினியிடம் கொடுத்தேன். தூளை உள்ளங்கையில் கொட்டி, மூச்சை ஊதிச் சூடாக்கி முகர்ந்தார். “கொழுந்தனாரே, இது மழை விட்டதுக்கு அப்புறம் எடுத்த கொழுந்து. பனிக்காலத்துத் தூள்னா இன்னும் வாசம் தூக்கும். தை மாசம் கழிச்சுப் போய் வாங்கியிருக்கலாம்” என்றார். இலைத் தேயிலையை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, “இதை எடுக்குறதுக்குத்தான் நாங்க அத்தனை வருசம் மலை ஏறினோம், ஒருநாளும் குடிச்சதில்லை” என்று சொல்லி, தூள் பொட்டலத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு இலையை என் பக்கமே தள்ளிவிட்டார்.